பொடியில் ஒரு கட்டைவிரல்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது என் அக்காவுக்குப் பட்டப்பகலில் நடந்தது. பொடியின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி, உள்ளே அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. ஆறு வருடமாகத் தற்காலிக ஆராய்ச்சியாளர்.

நிரந்தர இடம் ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை நேர்காணல். போட்டிக்கு ஒருவர்தான், முன்பு அங்கேயே வேலை பார்த்து வெளியூர் போனவர். எல்லோரும் பொடியைக் கண்ணாடித் துண்டால் மட்டமாக வழிப்பார்கள். அவர் மட்டும் கொஞ்சம் மேடாக வைத்துக் கட்டைவிரலால் அமுக்குவார். மேடானால் வரைபடத்தில் கோடுகள் வலப்பக்கம் நகரும். எத்தனை திட்டு வாங்கியும் திருந்தவில்லை. பெயரே 'கட்டைவிரல்' என்றாகிவிட்டது.

ஞாயிறு மதியம். அடித்தள ஆய்வகத்தில் அக்கா மட்டும். 1.40க்குப் பொடியை மட்டமாக வழித்து இயந்திரத்தில் வைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்தாள். ஐந்தே நிமிடம்.

2.10. வரைபடம் முடிந்தது. அவளுடைய பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டால் கோடுகள் அத்தனையும் வலப்பக்கம் நகர்ந்திருந்தன.

இயந்திரத்தைத் திறந்தாள். பொடி மேடாக இருந்தது... நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. ஆய்வக இயக்குநருக்கு போன் போட்டாள்.

"சார், கட்டைவிரல் வந்திருக்கார். என் சாம்பிளைக் கெடுத்துட்டார்!"

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ... பாத்தியாம்மா?"

"ரேகை இருக்கு சார்."

"வீட்டுக்குப் போ. காலைல பேசலாம்."

அக்கா போகவில்லை. கதவை உள்ளே தாழிட்டாள். மறுபடி மட்டமாக வழித்து உள்ளே வைத்தாள். 2.20. இயந்திரத்தின் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

2.21. பூட்டிய இயந்திரத்துக்குள்...

டொக். டொக்.

பொடியை அமுக்கும் சத்தம்.

யாரும் இல்லை.

பொடி மட்டும் மெல்ல உயர்ந்தது...

2.50க்கு வரைபடம் முடிந்ததும் இரண்டையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்துவிட்டாள்.

திங்கள் காலை. வேறு வழியில்லாமல் அவற்றையே நீட்டினாள். தேர்வுக் குழுவில் ஒருவருக்குச் சந்தேகம். அளவு தெரிந்த சோதனைப் பொடியை வைத்து இயந்திரத்தைச் சரிபார்த்தார்கள். பொடி வைக்கும் தட்டு எப்போதோ கீழே இறங்கியிருந்தது; பொடியை மேடாக வைத்தால்தான் உயரம் சரியாகும். மட்டமாக வழித்து எடுத்த பழைய வரைபடங்கள்தான் தவறு. ஞாயிற்றுக்கிழமையின் இரண்டும் மிகச் சரி.

வேலை அக்காவுக்குத்தான்; கட்டைவிரல் நேர்காணலுக்கு வரவேயில்லை. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சார், வீணா அவர்மேல பழி போட்டுட்டேன். நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும்."

இயக்குநர் தலை நிமிரவில்லை.

"சனிக்கிழமை சாயங்காலமே தவறிட்டாரும்மா. நெஞ்சுவலி. நேத்து நீ போன் பண்ணப்ப நான் அவர் வீட்லதான் இருந்தேன்... உடம்பு பக்கத்துல."