வழுக்கிய தரை

திருச்சானூரில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். சென்ற ஆண்டு அது காலியானபோது, வருகிறவர்களுக்குப் பார்த்தவுடன் பிடிக்க வேண்டும் என்று குளியலறையில் பளபளப்பான டைல்ஸ் பதித்தேன். நினைத்தபடியே, திருத்தணியிலிருந்து வேலைக்காக வந்த ஓர் இளம் தம்பதி உடனே குடிவந்தார்கள். மனைவி செல்வி அப்போது கர்ப்பிணி.

அந்த உற்சாகத்தில் அடுத்து மாடி ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் போட ஏற்பாடு செய்தேன். அளவெடுக்க ஆள் வந்திருந்தபோது, குளியலறையிலிருந்து செல்வியின் அலறல் கேட்டது. பதறி ஓடினேன். கால் வழுக்கி விழப்போனவள் கதவைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

"ஒண்ணும் ஆவலக்கா. கதவு மட்டும் கைக்குக் கெடைக்கலன்னா விழுந்திருப்பேன்."

"முன்னாடியும் இப்படி வழுக்கிச்சாம்மா?"

"தினமும் பயந்துக்கினுதான் குளிக்கிறேன். நீங்க ஆசையா போட்டதாச்சே, எப்படிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஃபால்ஸ் சீலிங் வேலையை நிறுத்திவிட்டு, டைல்ஸைப் பெயர்த்துச் சொரசொரப்பானதைப் பதித்தோம். சுவரில் கைப்பிடியும் வைத்தோம்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒப்பந்தம் முடிந்தும் அவர்கள் வேறு வீடு தேடவில்லை. இப்போதெல்லாம் மாடியில் எந்தச் செலவு செய்வதானாலும் முதலில் அவளிடம்தான் கேட்கிறேன்.

அண்மையில் கேட்டபோது, "பாப்பா துணியெல்லாம் மழையில நனைஞ்சிக்கினே கெடக்குதுக்கா, மேல ஒரு ஷீட்டு போட்டுக் குடுங்க" என்றாள். மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு மேல் தகரக் கூரை போட்டுக் கொடுத்தோம். என் வீட்டுத் துணியும் அங்கேதான் காய்கிறது.