சத்தமில்லாத லப்டொப் தேடிக் குடுத்த கதை

லப்டொப் விக்கிறது பெரிய வேலையில்லை. பாட்டுக்காரருக்குப் பாத்துக் குடுக்கிறதுதான் சீவன் போற வேலை. இந்தத் தொழிலில மாட்டுப்பட்ட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கணக்கெழுதுறவனுக்கு எதைக் குடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு போவான். பாட்டுப் பதியிறவருக்கு விசிறி இரையக் கூடாது, ஹார்ட் டிஸ்க் கிரிச்செண்டு கத்தக் கூடாது, கரண்ட் இல்லாத கோயிலிலயும் பற்றரி கடைசிப் பாட்டு மட்டும் தாங்க வேணும். சண்டைக் காலத்தில திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில கடை வைச்சிருந்த எனக்கு வந்து வாய்ச்சதெல்லாம் இந்த ஆக்கள்தான்.

அதால ஒரு பழக்கம் வைச்சிருந்தனான். விக்க முதல் கடைப் பின்னறையைப் பூட்டி, மைக்கைக் கொழுவி, ஒருத்தரும் கதையாமல் கொஞ்ச நேரம் வெறும் அமைதியைப் பதிவன். பிறகு ஹெட்போனைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டிக் கேப்பன். மெசின் இரைஞ்சா அதில பிடிபடும். வேற என்னவும் பிடிபடும் எண்டு அப்ப எனக்குத் தெரியாது.

அவர் வந்தா குறை சொல்லுவார்

சாம்பல்தீவில இருந்து ஒரு சங்கீத ரீச்சர் வந்தவா. அவாவின்ர மனுசன் யோகன் என்ர பழைய வாடிக்கை. கீபோர்ட் வாசிக்கிறவர், கோயில் கோயிலாப் போய்ப் பாட்டுப் பதியிறவர். ஒருநாள் ரவுணுக்கெண்டு வெளிக்கிட்டவர், வீடு திரும்பேல்லை. ரீச்சர் போகாத இடமில்லை, கேக்காத ஆளில்லை, ஒரு தகவலும் இல்லை. அவற்ற பழைய மெசினும் செத்துப் போச்சு. வாசிச்சு வைச்ச பாட்டுகள் மட்டும் சீடியில கிடக்கு, ரீச்சர் இன்னும் அதுக்குப் பாடேல்லை.

அவா கேட்டதெல்லாம் வேற மாதிரிக் கேள்வியள். யோகனுக்குக் கைக்கு வசதியா இருக்குமோ, அவற்ற மைக் இதில வேலை செய்யுமோ, தூக்கிக்கொண்டு திரியப் பாரமோ. தனக்கு எது லேசெண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. பாவமெண்டு நான் விலை குறைஞ்ச ஒண்டைக் காட்டினன். தொட்டும் பாக்கேல்லை.

"அவர் வந்தா குறை சொல்லுவார், தம்பி. அவருக்குப் பிடிக்கிற மாதிரிப் பாருங்கோ."

தண்ணிக்குள்ள

அவாவுக்கெண்டு ஓடர் குடுத்த மெசின் கொழும்பில இருந்து வர முதல், கிண்ணியா சமீம் நானா என்னட்ட வாங்கின லப்டொப்பைத் திருப்பிக் கொண்டு வந்தார். கலியாண வீட்டுப் பாட்டுப் பதியிறவர். எதைப் பதிஞ்சாலும் அடியில "தொம்" எண்டு ஒரு இடி, தாளத்துக்கும் சேராமல் விழுகுதாம். பின்னறையில நான் பதிஞ்சு பாத்தன், விழுந்தது. டிஸ்க்கை மாத்தினன், விழுந்தது. மைக்கை மாத்தியும் போகேல்லை. கடைசியா வேறொரு அலுவலாத் தம்பலகாமம் போகேக்க வயல் கரையில வைச்சுப் பதிஞ்சன். இடியும் இல்லை, கிடியும் இல்லை, காத்து மட்டும்தான்.

அப்பதான் எனக்கு மண்டையில உறைச்சது. கப்பலுக்குக் குண்டு வைக்கச் சுழியோடியள் வந்திடுவாங்கள் எண்டு துறைமுகத்தில நேவி தண்ணிக்குள்ள போடுற வெடி அது. இரவு பகலா விழும். கதிரை அதிரும், யன்னல் கிடுகிடுக்கும், நாங்கள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருப்பம். எங்கட காது அதை எப்பவோ கைவிட்டிட்டுது. பின்னறைப் பதிவுகளிலயும் இவ்வளவு நாளும் மெசின் இரைச்சலைத் தவிர நான் வேறொண்டையும் தேடேல்லை. இதைச் சொன்னாப் பிறகு நானா கன நேரம் ஹெட்போனைக் கழட்டாமல் இருந்தார்.

"இதக் கேக்காமயே இவ்வளவு நாளும் நித்திர கொண்டிருக்கம். இன்னும் என்னத்தையெல்லாம் கேக்காம இரிக்கமோ, தம்பி."

வெறும் பதிவு

ரீச்சரின்ர மெசின் வந்தது. அருமையான சாமான், பூனை மாதிரி. பின்னறைச் சோதனையை முடிச்சு, நானே மோட்டச்சைக்கிளில கொண்டு வெளிக்கிட்டன். செக்பொயின்ற்றில மறிச்சாங்கள். லப்டொப்பைத் திறந்த ஆமிக்காரன் உள்ளுக்க ஒரேயொரு பதிவு கிடக்கிறதைக் கண்டான். போட்டா ஒரு கதையும் இல்லை. வெறும் அமைதியை ஒருத்தன் ஏன் பதிஞ்சு கொண்டு திரியிறான்?

மெசின் இரையுதோ எண்டு பாக்கிறனான் எண்டு தெரிஞ்ச சிங்களத்தில விளங்கப்படுத்தினன். அவன் ஹெட்போனை மாட்டி, கண்ணை மூடி, முடியும் மட்டும் கேட்டான். பிறகு மெள்ளக் கழட்டி வைச்சிட்டு, கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினான். தமிழில ஒண்டு சொன்னான்.

"பேசுறது ஒருத்தரும் இல்ல. ஆனா ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கு."

முன்னறையில

ரீச்சர் வீட்டு முன்னறையில மெசினை வைச்சம். நல்ல மத்தியான வெயில். யோகன்ர பாட்டைப் போட முதல் வழக்கம் போல அமைதியைப் பதிஞ்சன். நானும் அவாவும்தான், ரெண்டு பேரும் அசையேல்லை. கேட்டுப் பாத்தா, மேசையில மோதிரத்தால தட்டினது மாதிரி நாலு தட்டு. துறைமுகத்து வெடி இப்பிடி அளவா விழாது. டிஸ்க்கோ எண்டு காதை வைச்சுப் பாத்தன். டிஸ்க் பழுதெண்டாலும் தாளத்தில தட்டாது. திரும்பப் பதிஞ்சம், திரும்பவும் நாலு.

ஹெட்போனை ரீச்சரிட்டக் குடுத்தன். கேட்ட உடனே அவான்ர கை தன்பாட்டில பாடுறதுக்குத் தாளம் போட எழும்பி, அப்பிடியே நிண்டிட்டுது. யோகன் வாசிக்கத் தொடங்க முதல் அப்பிடித்தான் தட்டுறவராம். இந்த மனுசிக்கு இது ஒரு ஆறுதலா இருக்குமெண்டு நினைச்சு, அந்தப் பதிவை அழிக்காமல் வைச்சுத் தாறன் எண்டு சொன்னன். அவா லப்டொப்பை மூடி என்ர மடியில வைச்சா.

"உயிரோட இருக்கிற மனுசன் இதுக்குள்ள எப்பிடி வருவார், தம்பி? இது பழுது. நல்லா இரையிற மெசின் ஒண்டு தாங்கோ, வேற ஒண்டும் கேக்காத மாதிரி."

அதுக்குப் பிறகு விசிறி இரையிற மெசின் ஒண்டிரண்டையும் கடையில வைச்சிருந்தனான். அந்தக் காலத்துத் திருகோணமலையில அது கன நாள் விலைப்படாமல் கிடக்கேல்லை.