இடது கையால் எழுதிய சீட்டு

மூன்று வருடங்களுக்கு முன், கர்நாடகத்துத் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய எங்கள் பள்ளியில் நடந்தது இது. நான் அங்கே எட்டாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். வாய் ஓயாமல் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள். ஆனால் வருடா வருடம் வளரிளம் பருவப் பாடம் வந்தால் மட்டும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "இத வீட்ல படிச்சிக்கோங்க, ஈஸிதான்" என்று அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவேன். பன்னிரண்டு வருடம் இப்படியே ஓட்டினேன்.

அந்த வருடம் கோலாரில் மூன்று நாள் ஆசிரியர் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். பாலியல் நலம் பற்றிய பயிற்சி என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பயிற்சி தந்தவர் ஒரு நர்ஸ் அம்மா. முதல் நாளே ஒவ்வொருவரையும் எழுப்பி அந்தப் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். என் முறை வந்தபோது ஒரு பத்திக்குள் நாலு தடவை இருமி, ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்தேன். "மேடம், பாடம் படிக்கிறீங்களா, மருந்து குடிக்கிறீங்களா?" என்று அவர் கேட்க, நானே சிரித்துவிட்டேன். மூன்றாம் நாள் இருமல் போயிருந்தது.

திரும்பி வந்த கையோடு, அங்கே சொல்லித் தந்தபடி வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைத்தேன். பழைய பிஸ்கட் டப்பா மூடியில் ஓட்டை போட்டேன், அவ்வளவுதான். பெயர் போடாமல் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று பெருமையாக அறிவித்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ஒரே ஒரு சீட்டு. வீட்டுப்பாடத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டிருந்தது.

எனக்கு முகம் தொங்கிப்போனது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்திதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "பேர் போடலன்னா இன்னா மிஸ்? எங்க நோட்டெல்லாம் நீங்கதான திருத்துறீங்க. எழுத்தப் பாத்தாலே யாருன்னு கண்டுபுடிச்சிடுவீங்களே."

உண்மைதான். அந்த வீட்டுப்பாடச் சீட்டு யாருடையது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால் சட்டத்தை மாற்றினேன். இனி எல்லாரும் சீட்டு போட வேண்டும். இடது கையால் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதினால் போதும். அன்று வகுப்பில் ஒரே கும்மாளம். இடது கைப் பழக்கமுள்ள இரண்டு பேர் வலது கையோடு மல்லுக்கட்டினார்கள்.

மதியம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பிரித்தேன். இட்லி, இட்லி, உப்புமா, ஒண்ணும் சாப்பிடல, இட்லி, நேத்து பிரியாணி. சிரித்துக்கொண்டே படித்து வந்தவளுக்கு ஒரு சீட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அந்தச் சீட்டிலும் தமிழை ஆங்கில எழுத்தில் கோணல் மாணலாக எழுதியிருந்தது. "எனக்கு வெள்ளைபடுது மிஸ். எலும்பு உருகி வர்துன்னு சொல்றாங்க. நான் செத்துடுவேனா? அம்மா பெங்களூர் வேலைக்கு விடிகாலை ட்ரெயினுக்குப் போனா ராத்திரிதான் வராங்க. சாப்பிடவே புடிக்கல."

அதே வயதில் அதே பயம் எனக்கும் இருந்தது. யாரும் பார்க்காதபோது மணிக்கட்டை அமுக்கி, எலும்பு இன்னும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். கல்லூரியில் படிக்கும்போதுதான் அந்தப் பயம் போனது. அதையெல்லாம் மறந்துவிட்டு, பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

அந்தப் பெண் நாளை வரைக்கும் ஏன் பயந்துகொண்டிருக்க வேண்டும்? கணக்கு சாரிடம் கெஞ்சி அடுத்த பீரியடை வாங்கினேன். சீட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. பாடத்தை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். போகிற போக்கில், எலும்பு உருகாது என்றேன். இந்த வயதில் வெள்ளைப்படுவது சாதாரணம், அரிப்போ கெட்ட வாடையோ வலியோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். யாராவது ஒருத்தியின் முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று, பின்சுவரில் தொங்கிய கர்நாடக வரைபடத்தைப் பார்த்தே பேசினேன். கடைசி பெஞ்சுப் பையன்கள் முதலில் சிரித்தார்கள். பாடத்தில் பையன்களைப் பற்றிய பகுதி வந்ததும் அடங்கிப்போய், அவர்களே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த வாரம் டப்பாவைத் திறந்தபோது, இட்லிக்கும் உப்புமாவுக்கும் நடுவே அதே கோணல் எழுத்து. "இன்னிக்கி மூணு தோசை சாப்ட்டேன் மிஸ். அம்மா கிட்ட சொன்னேன். அம்மாவுக்கே இப்பதான் தெரியுமாம்."

அது யார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடத்தை எடுக்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் எல்லாரும் அந்தச் சீட்டை எழுதியவர்கள் என்றே நினைத்துக்கொண்டு இருமாமல் பேசுகிறேன்.