ஐந்தாவது விரல்

கார்ட்டூன் உருவங்களுக்குக் கையில் நாலு விரல்தான் இருக்கும். ஒரு நொடிப் படத்துக்கே பன்னிரண்டு தாள் வரையவேண்டும். தாளுக்கு ஒரு விரல் குறைந்தால் எவ்வளவு வேலை மிச்சம்! கையால் வரைந்து படம் ஓட்டிய அந்தக் காலத்து ஆட்கள் கண்டுபிடித்த சோம்பேறித்தனம் அது. பெங்களூரு ஸ்டுடியோவில் நானும் அப்படித்தான் வரைந்து தள்ளினேன். இப்போது மத்திகிரி வாடகை வீட்டில், ஒரு கண்ணாடிக்கு அடியில் விளக்கைப் போட்டு வரைகிறேன்.

என் கணவர் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். அவருடைய கம்பெனியிலேயே ஒரு பாதுகாப்புப் படம் கேட்டார்கள். தகட்டை அச்சில் வைத்து, கையை வெளியே எடுத்து, இரண்டு பட்டன்களையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் இரண்டு பட்டன். இதை ஒரு குண்டுத் தொழிலாளி செய்து காட்டவேண்டும். தமிழ், கன்னடம், இந்தி என்று பல பேர் வேலை செய்வதால் பேச்சே இல்லாத படம்.

முதல் தாளைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார். “ஏன்டி, இவனுக்கு ஒரு வெரலக் காணோம்? பிரஸ்ல குடுத்துட்டானா?”

“வாயக் கழுவுங்க!” என்று கத்தினேன். அன்றைக்கே எல்லாத் தாளிலும் ஐந்தாவது விரலைச் சேர்த்தேன்.

பழைய கலைஞர்கள் மேஜையில் முகம்பார்க்கும் கண்ணாடி வைத்து, தாங்களே நடித்துப் பார்த்து வரைவார்களாம். எனக்கு நடிப்பு வராது. அவரைச் சமையல் மேடை முன்னால் நிறுத்தினேன். சாப்பாட்டுத் தட்டு தகடு, இரண்டு டப்பா மூடிகள் பட்டன்கள். “ஷிஃப்டுல செய்யற மாதிரியே வேகமா செய்யுங்க” என்று போனில் படம்பிடித்தேன்.

அதைப் பார்த்து வரைந்து, தாள்களை விரலிடுக்கில் புரட்டிப் பார்த்தேன். வலது கை பட்டனை அழுத்துகிறது. இடது கை இன்னும் தட்டின்மேல் இருக்கிறது.

“இன்னொரு பட்டன யாருங்க அழுத்தறது?”

தலையைச் சொறிந்தார். “அதுல ஒரு ஆப்பு சொருகி அமுக்கியே வெச்சிருக்கோம். டார்கெட் முடியணும்ல? எல்லாரும் அப்டித்தான்.”

நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுத் தெலுங்கம்மா மாடிக்கே வந்துவிட்டாள். ஆப்பைப் பிடுங்கிவிடுகிறேன் என்று மாதா மேல் சத்தியம் செய்தார். பிடுங்கியாச்சு என்று மறுநாள் சொன்னார். நானும் நம்பித் தொலைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து, பட்டன் அழுத்தும் காட்சியைப் பக்கவாட்டிலிருந்து வரையச் சொல்லிக் கம்பெனியில் கேட்டார்கள். மறுபடியும் தட்டு, மூடி. முதலில் மெதுவாக, இரண்டு கையாலும் அழுத்திக் காட்டி, “பாத்தியா!” என்றார். “இன்னும் வேகமா. நிறுத்தாம செய்யுங்க” என்றேன். செய்தார்.

மறுநாள் காலையில், வரைந்து முடித்த தாள்களை அவர் கையில் கொடுத்தேன். புரட்டினார். இன்னொரு தரம் புரட்டினார். சிரிப்பு போய்விட்டது.

“கொஞ்ச நாள் எடுத்துதான் வெச்சிருந்தேன். லைன் நின்னுபோச்சு. எல்லாரும் என்னையே மொறைக்கறாங்க. நான் என்னடி பண்ணுவேன்?”

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. டிபன் பாக்ஸை இடது கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கண்ணாடிக்கு அடியில் விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன். கடைசித் தாளில் இடது கை தட்டின்மேல் இருக்கிறது, ஐந்து விரலோடும். அடுத்த தாளில் பிரஸ் இறங்கவேண்டும். அந்தத் தாள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அவர் இன்றைக்கும் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார்.