பாசி வரப்பும் ஹுமைரா வீடும்

அதிராம்பட்டினத்துல பொண்ணுக்கு நகை அப்புறம், மொதல்ல வீடு. கல்யாணம் முடிஞ்சா மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்குக் குடிவரணும். வீட்டுக்கு ரெண்டு பொண்ணு பொறந்தாலே தெரு நீளும். அப்படியே ஊரு ஒண்ணையொண்ணு நெருக்கிக்கிட்டு கடலைப் பாக்க நடந்துக்கிட்டிருந்துச்சு.

ரஹ்மத் பீவிக்கு ரெண்டு பொண்ணு. மூத்தவ தஹ்மீனாவுக்கு ஊர்க்கடைசியில வீடு கட்டிக் குடுத்தாச்சு. சின்னவ ஹுமைராவுக்கு நோம்புப் பெருநா கழிச்சு நிக்காஹ். அதுக்குள்ள வீடு எழும்பணும்.

வீட்டுக்காரர் அஹமது கபீர் சவூதியில, தம்மாம்ல. மாசம் ஒரு கேசட்டுல குரல் வரும்.

"ரஹ்மத்து... நல்லாருக்கியா?"

கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாரு, கேசட்டு பதில் சொல்லும்கிற மாதிரி. இவளும் டேப் ரிக்கார்டரைப் பாத்து, "ம், இருக்கேன்"ம்பா.

"சின்னவளுக்கு நல்லா கடல் காத்து வர்ற மாதிரி கட்டும்மா. இங்க காத்தே இல்ல."

தஹ்மீனா வீட்டுக்குப் பின்னாடி, கடலைப் பாத்த மனை ஒண்ணை ரஹ்மத் பீவி வாங்குனா. பதில் கேசட்டுல கொஞ்சம் பீத்திக்கிட்டா: "அலை நம்ம வாசல்லயே வந்து கால் கழுவுது, தெரியுமா!" மனையோட கடலோர எல்லையில பேராவூரணித் தென்னங்கன்னு வரிசையா வெச்சா. மீன்காரி காளியம்மாள் தெனம் கரையில ஒதுங்குற பாசியை ஒரு கூடை அள்ளிவந்து கன்னுக்கு உரமாக் கொட்டிட்டுப் போவா.

தொண்ணூத்தாறுல சர்வேயர் துரைராசு வந்தாரு. ஒரத்தநாட்டுப் பக்கத்து வயக்காட்டு ஆளு. கடலோரத்தை அளக்குற டேப்பும் செவப்புக் கொடியுமா வந்தவரு, நேரா ரஹ்மத் பீவி மனையோரத்துலயே கொடியை நட்டாரு.

"சார், நாங்க வீடு கட்டுற எடம். கொடி எதுக்கு?"

"கடலு எதுமட்டும் ஏறுதோ அதுதாம்மா கோடு. கோட்டுலேருந்து இருநூறு மீட்டருக்கு வீடு கட்டக்கூடாது. இந்தா பாருங்க, பாசி ஒதுங்கிக் கெடக்கு. தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு."

"அப்ப இந்த மனையில மீனா வளக்கச் சொல்றீங்க?"

வாய்தான் துடுக்காப் பேசுச்சு. நிக்காஹ்வுக்கு நாள் குறிச்சாச்சு. மாப்பிள்ளையை எங்க குடிவைக்கிறது? தான் பீத்தினதை கவர்மெண்டே நெசமாக்கிருச்சேன்னு நெனச்சா.

அந்நேரம் காளியம்மாள் வந்தா. கொடியை ஒரு பார்வை பாத்தா. கொண்டாந்த பாசியை அதோட காலடியிலயே தொபுக்குன்னு கொட்டுனா.

"யாரு இது, என் பாசியில கொடி நட்டது?"

"ஒங்க பாசியா?" துரைராசு முழிச்சாரு.

"பின்ன? ஆறு மாசமா என் தலையில சொமந்து கொட்டுறேன். ஏன் சார், கடலு இவ்ளோ நேராவா அடுக்கிவெக்கும்?"

துரைராசுக்கே சிரிப்பு வந்துருச்சு. "வயல்ல வளந்தவன்மா நானு. தண்ணின்னா வரப்போரமா நேரா நிக்கும்னு நெனச்சுட்டேன்." கொடியைப் புடுங்கிட்டாரு. "அமாவாசையன்னைக்கு வர்றேன். தண்ணி ஏறுறதைக் கண்ணால பாத்துட்டே அளப்போம்."

சொன்னபடி வந்தாரு. தண்ணி சேத்தைத் தாண்டி மெதுவா ஏறி வந்து நின்னுச்சு. அந்த எடத்துல காளியம்மாள் குதிகாலால ஒரு கோடு கிழிச்சா. "இதுக்கு மேல ஏறாது." டேப்பு ஓடுச்சு. ரஹ்மத் பீவி மனையோரம் வரைக்கும் நூத்தி எம்பது மீட்டர்.

"மனையில கடல் பக்கம் இருவது மீட்டரை விட்டுருங்கம்மா. பின்னாடி தாராளமா கட்டலாம்."

"பின்னாடின்னா தஹ்மீனா செவுத்துல ஒட்டிக்கிட்டுல நிக்கும்! காத்து?"

"காத்துக்கு எவன் பீவிம்மா டேப்பு புடிச்சான்? தென்னைக்கு நடுவால வரும், கட்டுங்க"ன்னா காளியம்மாள்.

கட்டுனாங்க. நிக்காஹ் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. இப்ப ஹுமைரா அடுப்படி ஜன்னலைத் தொறந்தா, நாலடி தள்ளி தஹ்மீனா அடுப்படி ஜன்னல். ரஹ்மத் பீவி புது வீட்டுல ஒக்காந்து கேசட்டு பதிஞ்சா.

"கேளுங்க, காத்து ஜிலுஜிலுன்னு வருது..."

அந்தாண்ட ஜன்னல்லேருந்து அப்பாவுக்குக் கேக்குற மாதிரி தஹ்மீனா சத்தம்: "வாப்பா! அவளுக்கு இன்னும் உப்புப் போடத் தெரியல. இங்கேருந்தே நான்தான் ருசி பாத்துச் சொல்றேன்!"

"லாத்தா, பொய் சொல்லாதே!"ன்னு அக்காவைப் பாத்துக் கத்துனா ஹுமைரா.

"ஏண்டி, இது என் கேசட்டுடீ!"ன்னா ரஹ்மத் பீவி. ஆனா பட்டனை அமுக்கல. ரெண்டு ஜன்னலும் சண்டை போட்டு முடியிற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டா.