மூன்று முறை பரிசோதிக்கப்பட்டது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், கப்பலூர் தொழிற்பேட்டையில் உட்கார்ந்து நான் ஒரு பொய் எழுதினேன். தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் அது இரண்டாவது பொய்.

டப்பாக்களுக்குத் தமிழில் வாசகம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவன், ஊறுகாய்க்குக் 'கைமணம் மாறாதது' என்று எழுதித்தான் அரிசி வாங்குகிறேன். அன்று வந்த வேலை, கர்ப்பிணிகளுக்கான சத்து மாத்திரை. சின்னக் கம்பெனி. முதலாளி மோர் கொடுத்து உட்காரவைத்தார். முன்பக்கம் 'பரிசோதிக்கப்பட்டது' என்று எழுதினேன். அது தனியாக, நோஞ்சானாக நின்றது.

"இடம் வெறிச்சுன்னு இருக்குண்ணே. கனமா ஏதாச்சும் போடுங்க" என்றார் முதலாளி.

'மூன்று முறை' என்று முன்னால் சேர்த்தேன். எங்கே பரிசோதித்தார்கள், எதைப் பரிசோதித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வரி அழகாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

அடுத்த மாதமே ஒத்தக்கடையில் இருக்கும் என் தங்கை மகள் உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. கல்யாணமாகி ஏழு வருடம், ஏறாத ஆஸ்பத்திரி இல்லை. தாய்மாமன் வெறுங்கையோடு போகலாமா? பழம், பலகாரத்தோடு, முதலாளி அன்பாகக் கொடுத்த ஆறு டப்பாக்களையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். அச்சில் பளபளவென்று பார்த்ததும், நான் எழுதியதை நானே நம்பிவிட்டிருந்தேன்.

"நர்சக்கா குடுக்குற இரும்பு மாத்திரை குமட்டிக்கிட்டு வருது மாமா. இது தேவலையா?" என்று கேட்டாள்.

"மூணு தடவை டெஸ்ட் பண்ணது தாயி. தைரியமாச் சாப்பிடு."

அரசாங்க மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டாள்.

ஏழாம் மாதம் வளையல் போட நாள் குறித்திருந்தோம். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். பெண் குழந்தை. என் இரண்டு கைக்குள் அடங்கிவிடும்போல இருந்தது. இரண்டு நாள் இருந்தது.

டாக்டரம்மா அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல நெசமாவே எம்புட்டு இரும்பு இருக்குன்னு பார்த்த ரிப்போர்ட் எங்க?" என்றார். இதனால்தானா என்று கேட்டேன். "இதனாலதான்னும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது." அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் நான் இன்னும் குடியிருக்கிறேன்.

சண்டை போடத் தயாராகக் கப்பலூருக்குப் போனேன். முதலாளி பதறிப்போனார். "மொத மொத சரக்கு வந்தப்ப ஒருக்கா டெஸ்டுக்குக் குடுத்துப் பார்த்தோம்ணே. அப்பறம் குடுக்கல. மூணுன்னு போட்டது நீங்கதான?"

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே என்னிடம் கேட்டார்.

பிரிக்காமல் மிச்சமிருந்த ஒரு டப்பாவை நானே ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தேன். வந்த ரிப்போர்ட்டில் எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. அங்கிருந்தவர்தான் தாளை வைத்து விளக்கினார்: அட்டையில் போட்டிருந்த இரும்பில் பாதிகூட உள்ளே இல்லை. அதிகாரிகளிடம் மனு கொடுத்தேன், சரக்கை எடுத்துப்போனார்கள். என் கைப்பட நான் போட்ட அந்த மனுதான், என் வாழ்க்கையில் அலங்காரமே இல்லாமல் எழுதிய முதல் பக்கம்.

பிறகு ஒத்தக்கடைக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வளைகாப்புக்கு வாங்கிய கண்ணாடி வளையல் பெட்டி பீரோ மேல் அப்படியே இருந்தது. அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். இனிமேல் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்காமல் எந்த டப்பாவிலும் அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்றேன். இன்றுவரை எழுதவில்லை. ஒரு வார்த்தையை நம்பி ஒருத்தி வாய்க்குள் எதையோ போட்டு விழுங்குகிறாள் என்பது, பேனாவை எடுக்கும்போதெல்லாம் முன்னால் வந்து நிற்கிறது.

அன்று நான் பேசி முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அந்த ரிப்போர்ட்ட வாசிக்க உங்களுக்குத் தெரியுமா மாமா?"