எட்டு ஐம்பதுக்கு நின்ற சர்வர்

முத்துமாரியைக் குற்றவாளி என்று கோமதிநாயகம் முதலில் சொல்லவில்லை. "நான் யாரையும் சந்தேகப்படலை. நேத்து கடைசியா போனது யாரு, அதை மட்டும் சொல்லுங்க" என்றுதான் கேட்டார். நம் ஊரில் பழி சுமத்துகிறவர்கள் யாரும் பழி சுமத்துவதாக ஒப்புக்கொள்வதில்லை. கேள்வி மட்டும் கேட்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. சங்கரன்கோவிலில் கோமதிநாயகம் நடத்தும் ஸ்கேன் சென்டரில் காலை ஒன்பது மணிக்கே சர்வர் நின்றுபோயிருந்தது. ஒன்பது ஆண்டுகளாக எடுத்த எக்ஸ்ரே, ஸ்கேன் படங்கள் முழுக்க அந்தப் பெட்டிக்குள் இருந்தன. ஒன்பதரைக்கு முத்துமாரி வந்தபோது திரையில் ஆங்கிலத்தில் ஒரே வரி. சர்வர் கிளம்புவதற்கு, அதாவது பூட் ஆவதற்கு, டிரைவ் எதுவும் இல்லை என்றது அது. வெளியே ஹாலில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

முத்துமாரிக்கு முப்பத்து நான்கு வயது. திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமம். அப்பா ஆடு மேய்த்தவர். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, இங்கே டோக்கன் கொடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை எடுத்து, இரண்டு பெரிய டிஸ்க் போட்டு, இந்தச் சர்வரைக் கட்டியவளும் அவள்தான். இருந்தும் அவளுக்குப் பதவிப் பெயர் கிடையாது. வேலையில் இருக்கிறாள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. புதன்கிழமை அதைத்தான் கேட்டாள். "அப்பாயின்மென்ட் ஆர்டரா? என்ன, கவர்மென்ட் ஆபீஸா நடத்துதேன்?" என்று சிரித்தார் கோமதிநாயகம். வியாழன் மாலை கடைசியாகக் கிளம்பியவள் அவள். வெள்ளி காலை சர்வர் இல்லை. சந்தேகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

அவர் ஹாலுக்குப் போய் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "வேலை பாக்குத பிள்ளை ஒண்ணு படத்தையெல்லாம் லாக் பண்ணி வச்சிருக்கு. கொஞ்சம் பொறுங்க." பிறகு உள்ளே வந்து ஒரு தாளில் போலீசுக்குப் புகார் எழுதி மேசையில் வைத்தார்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் டைம் தாரேன். படம் வரலைன்னா இது ஸ்டேஷனுக்குப் போவும்."

நேற்றுவரை 'வாம்மா, போம்மா' என்றவர், இன்று அதட்டலாக 'ஏட்டி' என்றார். வரவேற்பில் இருக்கும் மீரா பீவி மட்டும் அவள் காதருகே வந்து, தோழியின் உரிமையோடு, "ஏட்டி மாரி, நீ செய்யலைன்னு எனக்குத் தெரியும். ஆனா கைநடுங்காம செய்யி. நடுக்கத்தையும் சாட்சியா சேத்துருவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எக்ஸ்ரே டெக்னீஷியன் துரைப்பாண்டியை அழைத்து, அவள் செய்வதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொன்னார் முதலாளி. நாற்காலியை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார்.

முத்துமாரி பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள்.

"எதைக் கழத்துதே?" என்றார் முதலாளி.

"கேபிள், சார். கேபிள் போயிருக்கலாம்."

கேபிளை மாற்றினாள். அதே வரி. பழைய கேபிளையே மாட்டி, வேறு சொருகு இடத்தில் போட்டாள். அதே வரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். அடுத்து, சர்வரை எழுப்பும் சிறிய பூட் டிரைவைக் கழற்றி வரவேற்புக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். அப்படியொரு பொருள் இருப்பதாகவே அது காட்டவில்லை.

பொருளைச் சந்தேகிக்க ஒரு முறை இருக்கிறது. கேபிளைச் சந்தேகித்தால் கேபிளை மாற்றிப் பார்த்து, அது குற்றமற்றது என்றால் விட்டுவிடுகிறோம். ஆளைச் சந்தேகிக்க முறையே தேவைப்படுவதில்லை. எந்த ஊர், யார் மகள், புதன்கிழமை என்ன கேட்டாள் என்பது போதும். விடுதலை செய்வதற்கு மட்டும் ஆயிரம் சோதனை.

"பூட் டிரைவ் செத்துட்டு சார். சர்வரை எழுப்புத புரோகிராம் மட்டும்தான் இதுல இருக்கு. படமெல்லாம் அந்த ரெண்டு பெரிய டிஸ்க்ல இருக்கு. ஒரு பென்டிரைவ் குடுங்க, அதுல புரோகிராமைப் புதுசா ஏத்தி எழுப்புதேன்."

"பென்டிரைவா? படத்தையெல்லாம் அதுல அள்ளிக்கிட்டுப் போறதுக்கா?"

"முப்பத்திரண்டு ஜிபில ஒம்பது வருசப் படம் கொள்ளுமா சார்? நீங்களே கையில வச்சிக்கிட்டு நீங்களே சொருகுங்க."

அவரே சொருகினார். புரோகிராம் ஏற அரைமணி நேரம் ஓடியது. முத்துமாரியின் மனதிலும் அந்த நேரத்தில் ஒரு பெயர் ஓடியது. தினமும் காலை எட்டரைக்குக் கதவைத் திறப்பவன் துரைப்பாண்டி. சாவி அவனிடம். பொங்கல் விடுமுறையை யார் எடுப்பது என்று போன வாரம் இருவருக்கும் வாய்த்தகராறு. வீடியோவை இவ்வளவு ஆசையாக எடுக்கிறானே என்று நினைத்தாள். முதலாளி அவளுக்குச் செய்ததை அவள் துரைப்பாண்டிக்குச் செய்தாள். வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினொன்றே காலுக்குச் சர்வர் எழுந்தது. இரண்டு டிஸ்கையும் அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டது. கோப்புகளின் வரிசை திரையில் இறங்கியது. ஒரு முழங்கால் படத்தைத் திறந்து காட்டினாள்.

கோமதிநாயகம் இளகவில்லை. "பாத்தியா, பன்னிரண்டு மணிக்குள்ளன்னு சொன்னதும் வந்துட்டு. பூட்டுனவளுக்குத்தானே திறக்கத் தெரியும்?"

வேலை தெரிந்ததே குற்றத்துக்குச் சான்றாகிவிட்டது. சர்வர் தன் நடமாட்டத்தைத் தானே குறித்துவைக்கும் ஒரு குறிப்பு உண்டு. அதைப் படங்கள் இருக்கும் பெரிய டிஸ்கிலேயே எழுதும்படி முத்துமாரி அமைத்திருந்தாள். அதைத் திறந்தாள்.

"சார், நான் நேத்து ஆறரைக்குப் போனேன். இதைப் பாருங்க. ராத்திரி முழுக்க ஓடியிருக்கு. இன்னைக்குக் காலைல எட்டு அம்பதுக்குத் திடீர்னு நின்னுருக்கு. யாரோ கரண்டை அணைச்சிருக்காங்க. நான் உள்ள வந்ததே ஒம்பதரைக்கு."

அவள் கண் துரைப்பாண்டி மேல் போனது. அவன் போனைத் தாழ்த்தினான்.

"யக்கா, என்னை ஏன் பாக்குதிய? நான் கதவைத் திறப்பேன், எக்ஸ்ரே ரூமுக்குப் போவேன். இந்த ரூமுக்கே வரமாட்டேன்."

முத்துமாரி குறிப்பை இன்னும் பின்னால் நகர்த்தினாள். போன வெள்ளி, எட்டு நாற்பத்தெட்டு. அதற்கு முந்தைய வெள்ளி, எட்டு ஐம்பத்திரண்டு. ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததிலிருந்து இருபத்து மூன்று வெள்ளி. வேறு கிழமை ஒன்றுகூட இல்லை.

"வெள்ளிக்கிழமை அந்த நேரம் இந்த ரூம்ல யாரு இருப்பா?" என்று கேட்டாள்.

துரைப்பாண்டி முதலாளியைப் பார்த்தான். பெட்டியின் நெற்றியில் ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும் இருந்தன.

"சார்தான் பூசை போடுவாரு" என்றான்.

ஆடியிலிருந்து வெள்ளி தவறாமல் கோமதிநாயகம் சர்வருக்குப் பொட்டு வைப்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் ஈரத்துணியால் துடைப்பார், ஷாக் அடிக்குமே என்று பயந்து யுபிஎஸ்ஸையும் சுவரில் உள்ள சுவிட்சையும் அணைப்பார், பொட்டு வைத்ததும் திரும்பப் போடுவார் என்பது அந்தக் குறிப்பைப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாரம் ஒருமுறை மின்சாரத்தைப் பிடுங்கினால் ஒரு மலிவான டிரைவ் எத்தனை நாள் தாங்கும்?

"பொட்டு வச்சா மிஷின் கெட்டுப்போவுமா?" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ஏலே, அந்த வீடியோவை நிறுத்துலே."

"பொட்டால இல்லை சார், சுவிட்சால. டிரைவ் அதுனாலதான் செத்துச்சுன்னு நூத்துக்கு நூறு சொல்ல மாட்டேன், தானாவும் சாவும். ஆனா எட்டு அம்பது வரைக்கும் ஓடுச்சு. அது நூத்துக்கு நூறு. ஆறு மாசமா இந்தக் குறிப்பைத் திறந்து பாக்காதது என் தப்பு, ஒத்துக்கிடுதேன்." பிறகு திரும்பி, "துரைப்பாண்டி, உன்னையும் நெனச்சிட்டேன்பா, மன்னிச்சிரு" என்றாள்.

தன்னைச் சந்தேகித்தவருக்கு முன்னால் நின்று, தான் சந்தேகித்ததற்கு மன்னிப்புக் கேட்டவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

கோமதிநாயகம் புகார்த் தாளை நான்காகக் கிழித்தார். "சரிம்மா, முடிஞ்சி போச்சு. வேலையைப் பாரு."

மறுபடி 'அம்மா' ஆகிவிட்டாள்.

"முடியலை சார். ஹால்ல சொன்னீங்கல்லா, அதை ஹால்ல போயி மாத்திச் சொல்லுங்க."

அவர் எழுந்து போனார். வாசலில் நின்று, "சிஸ்டம் ரெடியாயிட்டு. டோக்கன் வரிசைப்படி வாங்க" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. திரும்பி அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டவரை முத்துமாரி தடுக்கவில்லை. அவர் நின்ற இடத்தில் தான் போய் நின்றாள்.

"நான்தான் அந்தப் பிள்ளை. எம் பேரு முத்துமாரி. நான் எதையும் லாக் பண்ணலை. கரண்டை அணைச்சி அணைச்சிப் போட்டிருக்காங்க, அதுல சர்வர் கிளம்பாம போயிருக்கலாம். அணைச்சது நான் இல்லை. எப்போ அணைச்சதுன்னு ரெக்கார்டும், அணைச்சவர் யாருன்னு வீடியோவும் உள்ள இருக்கு, பாக்கணும்னா காட்டுதேன்."

சிலர் அவளையும் சிலர் மூடிய அறைக் கதவையும் பார்த்தார்கள். ராயகிரியிலிருந்து காலில் கட்டோடு வந்திருந்த விவசாயி ஒருவர் கையை உயர்த்தினார்.

"தாயி, அப்போ எங்காலு படம் பத்திரமா இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. வாங்க, காட்டுதேன்."